பிரேக்கை கார் போடட்டும், காலை நாம் எடுக்க வேண்டாம்

புது கார் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் மைலேஜுக்கு முன்னாலேயே கேட்பது இதைத்தான்: "ஏடாஸ் இருந்தா வண்டி தானா ஓடுமாமே?" டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். தானாக ஓடாது. ஏடாஸ் (ADAS) என்பது டிரைவருக்குக் கைகொடுக்கிற தொழில்நுட்பம், அவ்வளவுதான்.

வண்டி எவ்வளவு தூரம் தானே ஓட்டும் என்பதற்குப் பூஜ்யம் முதல் 5 வரை படிகள் வகுத்திருக்கிறார்கள். நம் ஊர் ஷோரூம்களில் பெரிதாகப் பேசப்படுவது ‘லெவல் 2’. வேகத்தையும் ஸ்டியரிங்கையும் ஒரே நேரத்தில் வண்டி கவனித்துக்கொள்ளும். ரோட்டைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க டிரைவருடையது. 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்த பிறகு இது நடுத்தர விலை வண்டிகளிலும் பரவ ஆரம்பித்தது.

வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு வகைக் கண்கள். உள் கண்ணாடிக்குப் பின்னால், விண்ட்ஷீல்டை ஒட்டி ஒரு கேமரா; முன் கிரில்லிலோ பம்பரிலோ ஒரு ரேடார். கேமரா கோட்டையும் உருவத்தையும் பார்க்கும். ரேடார் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். ஆயுத பூஜை அன்று கேமரா இருக்கும் இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, கிரில்லை மறைத்து மாலை போட்டால், இரண்டு கண்ணையும் கட்டிவிட்டதாக அர்த்தம். டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தால் சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். முதலில் துடைத்துப் பாருங்கள். ஆனால் விண்ட்ஷீல்டு மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அடாப்டிவ் க்ரூஸ். 100-ல் வைத்தால் முன் வண்டிக்கு ஏற்பக் குறைந்து கூடிப் போகும். திருச்சி நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு வலது காலுக்குப் பெரிய ஓய்வு. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. முன்னால் போகிற கார் சட்டென்று லேன் மாறுகிறது. அதற்கு அப்பால் டெயில் லைட் இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. ரேடாருக்குப் பாலத்துத் தூண், வழிகாட்டிப் பலகை, தடுப்புக் கம்பி எல்லாமே அசையாத பொருள்தான். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகரவே நகராது. அதனால் வேகமாகப் போகும்போது, நிற்கிற பொருளை லேசில் நம்பாதபடி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி அந்த லாரியைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் கடந்துவிடுவோம். யோசிக்க நேரம் இருக்காது.

லேன் அசிஸ்ட் பற்றிப் பலருக்குக் கோபம்: "ஸ்டியரிங்கை யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குங்க!" இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் அப்படித்தான் இழுக்கும். இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் தாண்டுங்கள், விட்டுவிடும். கோடே இல்லாத ஊர் ரோட்டிலும், பழைய கோடும் புதுக் கோடும் குழம்பிக் கிடக்கிற ரோடு வேலை நடக்கும் இடத்திலும் அதை அணைத்துவிடுவது நல்லது.

ஊருக்குள் வேறு கதை. க்ரூஸ் இடைவெளி விட்டால் ஒரு ஆட்டோ புகும். வண்டி தானே பிரேக் அடிக்கும். பின்னால் ஒட்டி வருகிற பைக்காரருக்கு அது தெரியாது. டிராஃபிக்கில் க்ரூஸ் வேண்டாம். அதற்காக அவசர பிரேக்கையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். நாம் அசந்த நேரத்தில் மோதலைத் தவிர்க்கவோ, அடியைக் குறைக்கவோ இருப்பது அதுதான்.

என் கணக்கு இது: அவசர பிரேக்கும், கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டியைச் சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் எப்போதும் இருக்கட்டும். க்ரூஸ் பகலில், நாலு வழிச் சாலையில் மட்டும். லேன் அசிஸ்ட் ரோட்டைப் பொறுத்து. டெலிவரி எடுக்கும் அன்றைக்கு ஃபோட்டோ எடுத்து முடித்ததும், எந்த வேகத்தில் எது வேலை செய்யாது என்று மேனுவலில் இருக்கும் அந்த நாலு பக்கத்தைப் படித்துவிடுங்கள். பட்டனை அதற்கப்புறம் அழுத்தலாம்.