காப்புத்தொகையில் குறைந்த ஆயிரத்து ஐந்நூறு

கோயம்புத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர், பெங்களூருவில் பணிபுரியும் மகளின் புதுமனைப் புகுவிழாவுக்குச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒயிட்ஃபீல்டுக்கும் ஜெயநகருக்குமாக அலைய வேண்டியிருப்பதால், தாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் ஒன்றை மூன்று நாட்களுக்கு எடுக்கின்றனர். காப்புத்தொகை 5,000 ரூபாய். காரைக் கீறலின்றித் திருப்பிக் கொடுத்து ஊர் வந்து சேர்ந்த பத்தாம் நாள், வங்கிக் கணக்கில் 3,500 ரூபாய் மட்டும் வரவாகிறது. மீதிக்கு விளக்கமாக வந்த குறுஞ்செய்தியில் ஒரே வரி: 'வாகன நிறுத்தக் கட்டணம் மற்றும் சேவைக் கட்டணம்.' எந்த இடத்தில், எந்த நாளில், யார் விதித்த கட்டணம் என்பது அதில் இல்லை.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக யாருடன் வாதிடுவது என்று பலரும் இதை விட்டுவிடுகின்றனர். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துவோருக்கு அது சிறு தொகையன்று. மேலும், அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறுபட்ட கோரிக்கைகள் ஒளிந்திருக்கக்கூடும். காவல்துறை விதித்த அபராதம் ஒன்று. வணிக வளாகமோ மருத்துவமனையோ விமான நிலையமோ கேட்கும் நிறுத்தக் கட்டணம் மற்றொன்று. இவற்றைக் காரணங்காட்டி வாடகை நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் தொகை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, முறையிடும் இடமும் வேறு. எனவே பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு முன், அது எவ்வகைக் கோரிக்கை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

முதலில் அபராதம். அபராதம் விதிக்கும் அதிகாரம் அரசுக்கும் அதன் அலுவலர்களுக்கும் மட்டுமே உரியது. சாலையோரத்தில் தடைசெய்யப்பட்ட இடத்தில் காரை நிறுத்தியதற்கான மின்னணுச் சலான், பதிவுச் சான்றிதழில் உரிமையாளராக உள்ளவருக்கே செல்லும். வாடகைக் காரைப் பொறுத்தவரை அது வாடகை நிறுவனம். வண்டியை ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால் அத்தகவலைத் தரவேண்டிய கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஆகவே உண்மையான சலானுக்குரிய தொகையை ஓட்டியவரிடம் நிறுவனம் கேட்பதில் தவறில்லை. ஆனால் சலான் எண்ணைத் தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. அந்த எண் கிடைத்தால், மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் இடம், நாள், நேரம், தொகை ஆகியவற்றை நீங்களே சரிபார்க்கலாம். பெங்களூருப் போக்குவரத்துக் காவல்துறையும் இதற்கெனத் தனி இணையதளமும் செயலியும் வைத்திருக்கிறது. கருவிகள் வழியே பதிவாகும் விதிமீறலுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்ற விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. பல மாதங்கள் கழித்து ஒரு பழைய சலானைக் காட்டிப் பணம் கேட்கப்பட்டால், அறிவிப்பு எப்போது வந்தது என்று கேட்பது பொருத்தமான கேள்வியே.

கர்நாடகத்துக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களைப் பாதித்தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்ள அம்மாநில அரசு அவ்வப்போது வாய்ப்பளித்துள்ளது. 2023 பிப்ரவரியில் அவ்வாறு அளித்தபோது மக்கள் திரண்டு வந்து செலுத்தினர். 2025இலும் ஆகஸ்டு இறுதி முதல் செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை அச்சலுகை இருந்தது. நிறுவனம் பாதித்தொகை கட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் முழுத்தொகையைப் பிடித்துக்கொள்ள இதனால் இடமேற்படுகிறது. சலான் எண்ணுடன் பணம் செலுத்திய ரசீதையும் சேர்த்துக் கேட்பது அதற்காகத்தான்.

இரண்டாவதாகத் தனியார் இடங்களின் நிறுத்தக் கட்டணம். இதில்தான் குழப்பம் மிகுதி. நுழைவாயில் பலகையிலோ சீட்டின் பின்புறத்திலோ 'அபராதம்' என்ற சொல்லை அச்சிட்டுவிடுவதால் ஒரு வணிக வளாகம் அரசாகிவிடாது. அங்கே வண்டியை நிறுத்துவது ஓர் ஒப்பந்தம். மணிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்தவர் அக்கட்டணத்துக்குக் கடமைப்பட்டவர். கூடுதல் நேரத்துக்கோ தொலைந்த சீட்டுக்கோ கேட்கப்படும் தண்டத்தொகையின் நிலை வேறு. ஒப்பந்தம் மீறப்பட்டால் அதில் குறித்த தொகையை உச்சவரம்பாகக் கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறமுடியும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில் கூறுகிறது. குறித்த தொகை முழுவதும் தானாகவே வந்து சேர்ந்துவிடாது.

பிரிட்டனில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செம்ஸ்ஃபோர்டு நகரின் வணிக வளாகமொன்றில் இலவச நேரமான இரண்டு மணியைக் கடந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கேட்கப்பட்டது. அது தண்டத்தொகை என்று கார் உரிமையாளர் வாதிட்டார். இடம் அனைவருக்கும் கிடைக்கவேண்டும் என்ற நியாயமான நோக்கம் இருப்பதாலும், பலகைகள் தெளிவாக இருந்ததாலும் அத்தொகை செல்லும் என்று 2015இல் தீர்ப்பாயிற்று. அங்கே வாடகைக் கார்களுக்கும் வழியுண்டு: 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகை நிறுவனம் உரிய ஆவணங்களைத் தந்து கட்டணப் பொறுப்பை வாடகைக்கு எடுத்தவருக்கு மாற்றிவிடலாம்; பிறகு அவரே நேரடியாக மறுப்புத் தெரிவிக்கலாம். நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டுக் காப்புத்தொகையில் கழித்துக்கொண்டால், மறுக்கும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது. வாடிக்கையாளர் இழப்பது பணத்தை மட்டுமன்று என்று இக்கட்டுரையாளர் கருதுவது இதனால்தான்.

வணிக வளாகங்கள் கட்டணம் வாங்கவே கூடாது என்று வாதிடுவோரும் உளர். தெலங்கானா அரசு 2018இல் முதல் 30 நிமிடங்களுக்குக் கட்டணம் கூடாது என்று ஆணையிட்டது; குஜராத் உயர் நீதிமன்றம் 2019இல் வளாகங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவை அந்தந்த மாநில விதிகளைச் சார்ந்தவை. பெங்களூருவின் ஒரு வளாக வாயிலில் நின்று அவற்றை எடுத்துரைப்பதால் தடுப்புக்கம்பி உயராது.

பெங்களூரு விமான நிலையத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். வாடகைக் கார்கள் மிகுதியாகச் சென்றுவரும் இடம் அது. பயணிகளை ஏற்றிச்செல்லும் பாதையில் சில நிமிடங்களுக்குமேல் நிற்கும் வண்டிகளுக்குக் கட்டணம் என்று 2024 மே மாதத்தில் நிர்வாகம் அறிவித்தது. ஓட்டுநர்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. 2025 டிசம்பரில் வேறு வடிவில் மீண்டும் வந்தது: தனியார் கார்களுக்கு முதல் 8 நிமிடங்கள் இலவசம், 13 நிமிடங்கள் வரை 150 ரூபாய், 18 நிமிடங்கள் வரை 300 ரூபாய், அதற்கும் மேல் நின்றால் வண்டி இழுத்துச் செல்லப்படும் என்பது அறிவிப்பு. வாடகை வண்டிகளுக்கெனத் தனி நிறுத்துமிடங்கள் ஒதுக்கப்பட்டன. தாமே ஓட்டும் வாடகைக் காரின் எண்பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்துகளோடு இருக்கும். சொந்தக் காரின் வெள்ளைப் பலகை அன்று. எனவே எந்த வரிசையில் நுழைவது, எந்தக் கட்டணம் பொருந்தும் என்பதை அங்குள்ள பணியாளரிடம் கேட்டபிறகே வண்டியைத் திருப்புவது நல்லது. மகளை வரவேற்க எட்டு நிமிடம் போதும் என்று நினைப்போர், பெட்டிகள் சுழலும் பட்டையருகே அவர் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

விமான நிலையங்களிலும் சில பெரிய வளாகங்களிலும் நிறுத்தக் கட்டணம் ஃபாஸ்டேக் வழியே எடுக்கப்படுவது உண்டு. வாடகைக் காரில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக் நிறுவனத்தின் கணக்கோடு இணைந்தது. பணம் எடுக்கப்பட்ட செய்தியும் அவர்களுக்கே போகும். ஃபாஸ்டேக்கில் தொகை பிடிக்கப்பட்டது தெரியாமல் வாயிலில் யூபிஐ மூலமும் செலுத்திவிட்டால், ஒரே நிறுத்தத்துக்கு இருமுறை பணம் போகிறது. வாடகைக் காலத்துக்குரிய ஃபாஸ்டேக் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கி, உங்கள் யூபிஐ பதிவுகளின் நேரத்தோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். அந்தக் கணக்கு அவர்களுடையது என்பதால், ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியிடம் முறையிடவேண்டியவர்களும் அவர்களே.

இனி மூன்றாவது கோரிக்கை. எடுத்துக்காட்டில் கண்ட 1,500 ரூபாயில் நிறுத்தக் கட்டணம் 500, சேவைக் கட்டணம் 1,000 என்று விவரம் வருகிறது எனக் கொள்வோம். ஐந்நூறு ரூபாயைச் செலுத்தும் வேலைக்கு ஆயிரம் ரூபாய்க் கூலியா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருக்கிறது என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு வரையறை தந்துள்ளது. வெளிப்படையாகவே அளவுக்கு மீறிய காப்புத்தொகை கேட்பதும், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிப்பதும் அவ்வரையறைக்குள் வருகின்றன. ஒப்பந்தத்தையே எதிர்த்து வழக்கிடுவதானால் மாநில ஆணையத்துக்குச் செல்லவேண்டும். விவரமோ ரசீதோ தராமல் பணத்தைப் பிடித்துக்கொண்டது சேவைக் குறைபாடு என்று முறையிட மாவட்ட ஆணையமே போதும். முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைத் தாக்கல் செய்யலாம். கோவையிலிருப்பவர் பெங்களூருவுக்கு அலையவேண்டியதில்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையானால் தாக்கல் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். சிறு தொகைகளுக்கு முதலில் இவ்வழியே செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வங்கி இதில் என்ன செய்யமுடியும்? வாடிக்கையாளர்கள் கிளைக்கு வந்து கேட்கும் கேள்வி இது. பணம் எப்படிச் செலுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும். யூபிஐ மூலம் நீங்களே ரகசிய எண்ணை இட்டு அனுப்பிய காப்புத்தொகையை, பின்னர் எழுந்த தகராறுக்காக வங்கி தானாகத் திருப்பி எடுத்துத் தர இயலாது. அது நீங்கள் ஒப்புதல் அளித்த பரிவர்த்தனை. கடன் அட்டையிலோ பற்று அட்டையிலோ செலுத்தியிருந்தால், உறுதியளித்த தொகை திரும்ப வரவில்லை என்ற அடிப்படையில் அட்டை வழங்கிய வங்கியிடம் மறுப்பு மனு தரலாம். அட்டை நிறுவனங்களின் விதிப்படி அதற்கு நாள் வரம்பு உண்டு. நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தபின் வருவோருக்கு அவ்வழி அடைபட்டிருக்கும். ஒப்பந்தம், காரைத் திருப்பிய நேரத்துக்கான சான்று, நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல் ஆகியவை மனுவோடு இருக்கவேண்டும்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் உங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. உள்நாட்டு இணையப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பும் தேவை. ஆகவே வாடகை நிறுவனம் பின்னொரு நாளில் உங்களுக்குத் தெரியாமல் அட்டையிலிருந்து தொகையை எடுப்பது இங்கே எளிதன்று. காப்புத்தொகையை அவர்கள் பிடித்துவைப்பதன் காரணமும் அதுவே. வெளிநாடுகளில் கார் எடுப்போர் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்கவேண்டாம். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்தும் அங்கிருந்து அட்டைக்குப் பற்று வரக்கூடும். பயணம் முடிந்ததும் பன்னாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நிறுத்திவைப்பது நல்ல பழக்கம்.

பணம் போகும் இன்னொரு வழி, போலிச் சலான். 'உங்கள் வாகனத்துக்கு அபராதம் நிலுவையில் உள்ளது' என்று வாட்ஸ்ஆப்பில் செய்தியும், அதனுடன் நிறுவிக்கொள்ளும்படி ஒரு கோப்பும் வருகின்றன. வாடகைக் கார் ஓட்டித் திரும்பியவர் அதை உண்மையென நம்பிவிட வாய்ப்பு அதிகம். அந்தக் கோப்பு கைப்பேசியிலுள்ள குறுஞ்செய்திகளைப் படித்துக் கணக்கைத் துடைத்துவிடும் தன்மையது. அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்றே முடியும். சலானைப் பார்க்க எந்தக் கோப்பையும் நிறுவத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் உடனே அழைக்கவேண்டும். உங்கள் கவனக்குறைவோ வங்கியின் தவறோ இன்றி, வெளியாரால் நிகழ்ந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. வங்கியிடம் தந்த முறையீட்டுக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வாடகை நிறுவனத்தின்மீதான புகாரை அவரிடம் கொண்டுசெல்வதில் பயனில்லை. அவர் விசாரிப்பது வங்கி போன்ற நிதி நிறுவனங்களின் சேவையை மட்டுமே.

கோவைத் தம்பதியர் நிறுவனத்துக்கு எழுதவேண்டிய கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. முன்பதிவு எண், காரின் எண், எடுத்த நேரம், திருப்பிய நேரம். பிடித்த தொகை 1,500 ரூபாய். அதற்குரிய சலான் எண் அல்லது நிறுத்துமிடச் சீட்டு, பணம் செலுத்திய ரசீது, ஃபாஸ்டேக் அறிக்கை, சேவைக் கட்டணத்துக்கு ஆதாரமான ஒப்பந்தப் பிரிவு ஆகியவற்றை 15 நாட்களுக்குள் அனுப்புக. இயலாவிடில் தொகையைத் திருப்புக. இவ்வளவே. தொலைபேசியில் பேசியிருந்தாலும் இதை மின்னஞ்சலில் அனுப்பிவிடவேண்டும். சலான் உண்மையாக இருந்து நேரமும் பொருந்தினால், அந்த ஐந்நூறை ஏற்றுக்கொண்டு ஆயிரத்தை மட்டும் கேட்பதே நேர்மையானதும் வெற்றிபெறக் கூடியதுமான கோரிக்கை.

அடுத்தமுறை கார் எடுக்கும்போது பதிவுச் சான்றிதழையும், முகப்புக் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும் இடத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கட்டண நிறுத்துமிடங்களில் நுழைவாயில் பலகையை ஒரு படம். வெளியேறும்போது வாங்கும் சீட்டை இன்னொரு படம். சீட்டு தராமல் பணம் கேட்பவரிடம், அவர் எந்த ஒப்பந்ததாரரின் ஆள் என்று கேளுங்கள். சாலையோரங்களில் பெரும்பாலும் அக்கேள்வியோடு அவர் விலகிவிடுவார். காரை ஒப்படைக்கும் நாளன்றே, அதுவரை வந்த சலான்களும் ஃபாஸ்டேக் பிடித்தங்களும் எவை என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.