வீட்டில் வளர்க்கும் பாம்பு சாகும்வரை நீண்டுகொண்டே போகுமா?

காரைக்கால் மாவட்டம் போலகம் பக்கம் வரப்பில் ஒரு சாரை ஓடினால், பார்த்தவர் சொல்லும் நீளம் டீக்கடைக்கு வருவதற்குள் இரண்டு அடி கூடிவிடும். "பழைய பாம்பு, அதான் இவ்வளவு நீளம்" என்ற விளக்கமும் கூடவே வரும். இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் நம் ஊர்களில் உண்டு. வயதான நல்லபாம்பு குறுகிக் குட்டையாகி, கடைசியில் மாணிக்கம் கக்கும் என்பார்கள். மாணிக்கம் வெறும் கதை. பாம்பு குறுகுவதும் கதைதான். அப்படியானால் முதல் பேச்சு மட்டும் உண்மையா?

பாதி உண்மை. பாம்பின் வளர்ச்சி மனிதருக்குப் போல ஒரு வயதோடு சட்டென்று நின்றுவிடுவதில்லை. ஆனால் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் வயது வந்ததும் வேகம் அடியோடு குறைகிறது. அதன்பிறகு கூடுவது மிகக் கொஞ்சம். பல பாம்புகளில் அது அளவுநாடாவில் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

எங்கே வளர்கிறது?

பாம்பின் முதுகெலும்பில் எத்தனை கணுக்கள் என்பது முட்டைக்குள் கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் 200-க்கு மேல், சில இனங்களில் 400 வரைகூட இருக்கும். பிறந்த பிறகு புதிய கணு முளைக்காது. இருக்கும் கணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதுதான் நாம் பார்க்கும் நீளம். குட்டியாக இருக்கும்போது தின்பது பெரும்பாலும் வளர்ச்சிக்கே போகிறது. பருவம் வந்தபின் அந்தச் சக்தி முட்டைக்கும் இணை தேடலுக்கும் பங்கு பிரிகிறது.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் இருந்த ஒரு பால் பைதான். 1961-இல் அங்கே வந்த அந்தப் பெண் பாம்பு, 2020-இல், 60 வயதைத் தாண்டிய நிலையில், 7 முட்டைகள் இட்டது. பக்கத்தில் ஆண் பாம்பு வந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது என்பதுதான் அப்போது உலகச் செய்தியானது. நமக்கு வேண்டியது வேறு கணக்கு. குட்டிக்காலத்து வேகத்திலேயே வளர்ந்திருந்தால் அது பூங்காவுக்கே அடங்கியிருக்காது. இந்த இனம் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பெரும்பாலும் 5 அடியைச் சுற்றியே நிற்கிறது.

ஆக, அளவைத் தீர்மானிப்பதில் முதலிடம் இனத்துக்கு. பர்மிய மலைப்பாம்பு பிறக்கும்போது சுமார் 2 அடிதான். நன்றாகத் தீனி கிடைத்தால் ஓரிரு ஆண்டுகளில் ஆளைவிட நீளமாகிவிடும்.

இரண்டாம் இடம் சாப்பாட்டுக்கு, அதுவும் சிறுவயதுச் சாப்பாட்டுக்கு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நீர் மலைப்பாம்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தாமஸ் மேட்சன், ரிச்சர்ட் ஷைன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. எலி நிறைய இருந்த ஆண்டில் பிறந்த குட்டிகள், பஞ்ச ஆண்டில் பிறந்தவற்றைவிடப் பின்னாளிலும் வேகமாக வளர்ந்தன. பிறந்த நேரம் நல்ல நேரம் என்பது பாம்புக்கும் பொருந்தும்போல.

"சின்னப் பெட்டியில் வைத்தால் சின்னதாகவே இருக்கும்" என்று விற்பவர்கள் சொல்வது சுத்தப் பொய். பெட்டி வளர்ச்சியை நிறுத்தாது, பட்டினிதான் நிறுத்தும். சீக்கிரம் பெரிதாகட்டும் என்று அளவுக்கு மீறித் திணித்தாலோ, பாம்புக்குக் கொழுப்புதான் கட்டும்.

சட்டை உரித்தால் வளர்கிறது என்று அர்த்தமா?

குட்டிகள் அடிக்கடி உரிப்பதற்கு வளர்ச்சி ஒரு காரணம். ஆனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்ற பாம்பும் உரிக்கும், தேய்ந்த தோலை மாற்றியாக வேண்டும் அல்லவா? இன்னொன்று: கழற்றிய சட்டை இழுபட்டு, பாம்பின் உண்மை நீளத்தைவிட நீண்டிருக்கும். தோட்டத்தில் கிடந்த சட்டையை அளந்து பயப்பட வேண்டாம்.

வீட்டில் வளர்க்கலாமா?

நம் நாட்டுப் பாம்பு என்றால் கூடாது. சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புதுச்சேரிக்கு உட்பட்ட காரைக்காலுக்கும், பக்கத்திலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் அதே சட்டம்தான். பால் பைதான்போல, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு கட்டாயம். கைமாறினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் சந்தைக்கு வருவது எல்லாம் இந்த வழியில் வருவதில்லை. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைதான்களும் 8 கார்ன் பாம்புகளும் இருந்தன. விரல் தடிமனில் அழகாகத் தெரிகிற குட்டியை வாங்குபவர், 20, 30 ஆண்டு அதற்கு எலி வாங்க வேண்டும் என்பதை யோசிப்பதில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது அதுதான். வளர்த்தவர்கள் சமாளிக்க முடியாமல் விட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த ரக்கூன், முயல் போன்றவற்றைப் பெருமளவு தின்று தீர்த்தன. 2023 ஜூலையில் அங்கே பிடிபட்ட ஒரு பெண் பாம்பின் நீளம் 19 அடி. காவிரி டெல்டாவின் வாய்க்கால்களும் எலி நிறைந்த வயல்களும் இப்படி ஒரு விருந்தாளிக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.