நூறு கஜத்தில் தப்பாத வளரி... சின்ன மருதுவின் ஆயுதம் புதுக்கோட்டையில் மிஞ்சிய கதை!

புதுக்கோட்டை ராஜாவின் ஆயுதக் கிடங்கில் மரத்தாலான வளைதடிகள் எப்போதும் இருப்பு வைக்கப்பட்டிருக்கின்றன. இப்படி எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சம்ஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஆப்பர்ட் என்ற ஜெர்மானியர். பழங்கால இந்தியர்களின் ஆயுதங்களையும் படை அமைப்பையும் பற்றிய அவருடைய புத்தகம் 1880-ல் வெளியானது. தென்னிந்தியாவில் ரயில் ஓடத் தொடங்கி, தந்திக் கம்பம் நட்டு, சிப்பாய் கையில் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கி வந்துவிட்ட காலம் அது. அப்போது ஒரு சமஸ்தான மன்னருக்கு வளைந்த கட்டைகளைக் கிடங்கில் அடுக்கி வைத்துக்கொள்ள என்ன அவசியம்?

அந்தக் கட்டைதான் வளரி. வளைதடி, வளைத்தடி என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'காலரி ஸ்டிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கள்ளர் என்ற சொல் அவர்கள் வாயில் 'காலரி' ஆயிற்று. கள்ளரும் மறவரும் கையாண்ட தடி என்பதால் அந்தப் பெயர். பிறை நிலா வடிவம், ஒரு முனை கனம், மறுமுனை லேசு. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், சில சமயம் இரும்பிலும் உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த மூன்றில் இரண்டு, யானைத் தந்தத்தில் செய்தவை. தந்தத்தில் செய்ததை எடுத்துக்கொண்டு யாரும் முயல் வேட்டைக்குப் போயிருக்க மாட்டார்கள். அது அந்தஸ்துக்கு வைத்திருந்தது. வாளைப் போல, பிற்காலத்தில் ராணுவ அதிகாரி இடுப்பில் செருகிய கைத்துப்பாக்கியைப் போல, வைத்திருப்பவர் யார் என்று சொல்லும் ஆயுதமாகவும் வளரி இருந்திருக்கிறது.

அந்த ஆயுதத்தின் அருமையை எழுத்தில் பதிவு செய்தவர், அதனால் சாகாமல் தப்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி.

சிறுவயலில் ஒரு பாடம்

ஜேம்ஸ் வெல்ஷ் பிறந்தது 1775-ல். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் 'என்சைன்' என்ற கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1793-ல் புதுச்சேரி முற்றுகையைப் பார்த்தார். 1795 பிப்ரவரியில் மதுரைப் பக்கம் இருந்தவர், சிவகங்கைச் சீமையின் சிறுவயலுக்குப் போனார். அப்போது அவருக்கு 20 வயதுகூட முடியவில்லை. சிறுவயலில் இருந்தவர் சின்ன மருது.

சின்ன மருதுவின் வாழ்க்கையும் ஒரு படைவீரனின் வாழ்க்கைதான். அண்ணன் பெரிய மருதுவும் அவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் சேவகத்துக்கு வந்தவர்கள். 1772-ல் காளையார்கோவிலில் நவாபும் கம்பெனியும் சேர்ந்து நடத்திய தாக்குதலில் மன்னர் மாண்டார். அரசி வேலு நாச்சியாருடன் விருப்பாச்சிப் பக்கம் போய், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சீமையை மீட்டார்கள். அதன் பிறகு அண்ணன் தளபதி, தம்பி பிரதானி. ஆட்சி நடந்ததெல்லாம் சின்ன மருதுவின் கையில்.

இத்தனை அதிகாரம் இருந்தும் அவருடைய அரண்மனை வாசலில் ஒரு காவலாளிகூட இல்லை என்பதுதான் வெல்ஷுக்கு முதல் ஆச்சர்யம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். நல்ல கறுப்பு நிறம், பருத்த உடல், பழகுவதற்கு இனிமை என்று சின்ன மருதுவை வர்ணிக்கிறார். பெரிய மருதுவுக்கு அரசு நிர்வாகத்தில் நாட்டமில்லை, எந்நேரமும் வேட்டைதான். ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு. அதையும் வெல்ஷ் விடாமல் எழுதிவைத்தார்.

சின்ன மருதுதான் தனக்கு முதன்முதலில் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்கிறார் வெல்ஷ். வேறெங்கும் அதிகம் அறியப்படாத ஆயுதம் என்றும், பழகிய கையில் இருந்தால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்றும் சொல்கிறார். நூறு கஜம் என்றால் சுமார் 91 மீட்டர்.

அன்றைய நிலவரத்தை வைத்துப் பார்த்தால்தான் இந்த 91 மீட்டரின் மதிப்பு புரியும். கம்பெனி அதிகாரியின் இடுப்பில் தொங்கியது ஒரு வாள். பக்கத்தில் சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி பறக்க வெடிக்கும் கைத்துப்பாக்கி. அது ஒரே ஒரு குண்டு போடும், பத்தடி பதினைந்தடிக்கு மேல் அதை நம்ப முடியாது. சிப்பாய்களின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியே 70, 80 மீட்டரைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். மழை பெய்து மருந்து நனைந்துவிட்டால் அதுவும் இல்லை. வளரிக்கு மருந்து வேண்டாம், சத்தம் இல்லை, புகை இல்லை. மறைந்திருந்து வீசினால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கிராமத்துத் தச்சர் ஒரே நாளில் செய்துகொடுத்துவிடுவார்.

நூறு கஜம் என்பது கொஞ்சம் கூடுதலான கணக்காக இருக்கலாம். இளம் வயதில் வியந்து பார்த்தது நினைவில் நீண்டிருக்கலாம். ஆனால், தன் எதிரியின் ஆயுதத்தை மட்டம் தட்டி எழுதுவதுதான் அன்றைய வழக்கம். வெல்ஷ் அப்படிச் செய்யவில்லை.

ஆறே வருடம்

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறையாக விழுந்தது. தப்பிய ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டது. மறுத்தார்கள். ஜூன் 16-ல் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சி மலைக்கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லா சாதியினரும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்ற அழைப்பு அது.

கர்னல் அக்னியூ தலைமையில் புறப்பட்ட படையில் வெல்ஷும் இருந்தார். அந்தப் படை வருவது தெரிந்ததும் மருதுவின் ஆட்கள் சிறுவயலுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். காவலாளி இல்லாத அந்த அரண்மனையை வெல்ஷ் இரண்டாம் முறை பார்த்தபோது அது எரிந்து கிடந்தது.

சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை முள்காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது கம்பெனி. ஒரு மாதத்துக்கும் மேல் வெட்டினார்கள். வெட்ட வெட்ட, காட்டுக்குள்ளிருந்து தாக்குதல். மறைவும் குறுகிய தூரமும் உள்ள அந்த மாதிரிக் காட்டில் வளரிக்கு இருந்த வசதி துப்பாக்கிக்கு இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த முயற்சியையே கைவிட்டுப் படை பின்வாங்கியது. பிறகு வேறு வழிகளில் சுற்றிவளைத்து, அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்த மனிதரை ஒரு காட்டு மிருகத்தைப் போலத் துரத்த நேர்ந்ததையும், அவர் தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், அண்ணனோடும் மகனோடும் ஆதரவாளர்களோடும் தூக்குமரத்தில் தொங்கியதையும் பார்த்ததாக வெல்ஷ் எழுதுகிறார். அந்த இடத்தில் அவருடைய பேனா தடுமாறுவது தெரிகிறது. ஆனால், செய்தது தவறு என்று எங்கும் சொல்லவில்லை. உத்தியோகம் அப்படி.

சின்ன மருதுவின் இன்னொரு மகன் துரைச்சாமி சிறுவன். அவரையும் வேறு 72 பேரையும் 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் அங்கே போன வெல்ஷ், அவரைச் சந்தித்தார். முப்பதுகளில் இருக்க வேண்டியவர் கிழவராக நின்றாராம்.

வெல்ஷின் உத்தியோகம் அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. 1803-ல் வெல்லெஸ்லியின் கீழ் மராத்தியர்களுடன் போர். 1809-ல் வேலுத்தம்பிக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கியது. ஜெனரல் பதவி வரை போனார். சுமார் 40 வருட சேவையின் நாட்குறிப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்த அவருடைய புத்தகம் 1830-ல் லண்டனில் இரண்டு பாகங்களாக வந்தது. சின்ன மருது நேரில் கற்றுக்கொடுத்தார் என்று எழுதிவைத்த அந்த மாணவர், வளரியைப் பற்றி எழுதியது என்னவோ ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது... எதுவும் இல்லை.

தொண்டைமான் சீமை

இனி அந்த ஆயுதக் கிடங்குக்கு வரலாம்.

இந்தப் போர்களில் புதுக்கோட்டை நின்றது கம்பெனியின் பக்கம். 1750-களில் திருச்சியை பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் முற்றுகையிட்டபோது, கம்பெனிப் படைக்குத் தானியம் அனுப்பிக் காப்பாற்றியது தொண்டைமான்தான். அந்தக் கூட்டு அதன் பிறகு முறியவில்லை. 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டதும் இன்றைய பொன்னமராவதி வட்டத்தில் உள்ள திருக்களம்பூர் காட்டில், தொண்டைமானின் ஆட்களால். அப்போது ஆட்சியில் இருந்தவர் விஜய ரகுநாதத் தொண்டைமான். 1801-லும் அவருடைய படை கம்பெனிக்குத் துணை நின்றது. இதற்குப் பரிசாக 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் கிடைத்தன. வருடத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. அந்த யானையைக் கம்பெனி ஒருநாளும் வற்புறுத்திக் கேட்டதில்லை.

இந்தப் பக்கத்து மக்களுக்கு இது இன்றும் நெருடும் விஷயம். திருமயம் கோட்டையை 'ஊமையன் கோட்டை' என்று அழைப்பவர்கள் இப்போதும் உண்டு. மன்னர் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஒன்று, மக்கள் யாருடைய பெயரை ஒரு கோட்டைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு.

1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும், குடிமக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஈட்டியும் வளரியும் வைத்திருந்தாலே கலகக்காரன் என்று பொருள். மருதுவின் ஆயுதம், மருதுவின் சீமையிலேயே ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

நேச நாடான புதுக்கோட்டைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கம்பெனிக்குக் கை கொடுத்ததால் தனி அரசாகவே 1948 வரை நீடித்தது. அந்த அரசின் கிடங்கில்தான் கம்பெனியை நடுங்கவைத்த ஆயுதம் அடுக்கடுக்காக மிஞ்சியது. மருதுவைத் தோற்கடிக்க உதவியவர்களின் வீட்டில் மருதுவின் வளரி! சிவகங்கைப் பக்கமும் சில வீடுகளில் தப்பியிருக்கும்தான். ஆனால், பகிரங்கமாக வைத்துக்கொள்ள முடிந்தது இங்கேதான்.

பூஜை அறைக்குப் போன ஆயுதம்

தடை இல்லாவிட்டாலும் வளரி பிழைக்கவில்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் புதுக்கோட்டை திவான் எழுதி அனுப்பிய குறிப்பு ஒன்று இருக்கிறது. வளரி வீச்சில் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இப்போது யாருமே இல்லை என்கிறார் திவான். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது பயன்படுத்துகிறார்களாம். மற்றபடி அது கள்ளர், மறவர் வீடுகளின் பூஜை அறையில், முன்னோர்களின் மற்ற ஆயுதங்களோடு இருக்கிறது. ஆயுத பூஜையன்று வெளியே எடுத்து, சுரண்டிச் சுத்தம் செய்து, கும்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

கல்யாணத்திலும் அதற்கு ஓர் இடம் இருந்தது. கள்ளர் திருமணத்தில் இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். வளைதடியை அனுப்பிவிட்டுப் பெண்ணை அழைத்து வா என்ற பொருளில் ஒரு பழமொழியே இருந்ததாம்.

வளரி என்றதும் வீசியவர் கைக்கே திரும்பி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலிய பூமராங்கோடு சேர்த்துப் பேசியதால் வந்த எண்ணம் இது. ஆஸ்திரேலியாவிலேயே வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்தவற்றில் பல திரும்பி வராதவைதான். கனமான முனை ஆளையோ விலங்கையோ தாக்கிவிட்டால் அந்த ஆயுதத்தின் வேலை முடிந்தது. திவானின் குறிப்பிலும் திரும்பி வரும் பேச்சு இல்லை.

திருக்கோகர்ணத்தில் சமஸ்தான அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது 1910-ல், தர்ஸ்டனின் தொகுதிகள் வெளியான மறுவருடம். இப்போது சிலம்ப ஆசான்கள் சிலர் வளரியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்குகிறார்கள். வெல்ஷ் எழுதாமல் விட்டதில் கொஞ்சமாவது அவர்களுக்குத் திவான் குறிப்பில் கிடைக்கும்: லேசான முனையைப் பிடி, தோளுக்கு மேலே சில சுற்று சுழற்று, வேகம் ஏறியதும் குறியைப் பார்த்து விசையோடு விடு.