பள்ளி ஆலோசகர் என்ன படிக்கிறார்?



எங்கள் ஊழியர் ஒருவரின் மகள் எம்.எஸ்ஸி. ஆலோசனை உளவியல் படிக்க உதவி கேட்டிருக்கிறாள் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நண்பர்கள் சிலர் கடிதம் எழுதினார்கள். நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுவது புரிகிறது, லேப் டெக்னீஷியன் படிப்புக்கு உதவுவதும் புரிகிறது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசுவதற்கு ஒரு பட்டமா, அதற்கு மருத்துவமனைப் பணமா என்று கேட்டிருந்தார்கள். "பேசுவதற்கு எங்கள் ஊர் வாத்தியாரே போதும்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். உங்கள் பணத்தைக் கையாளும் எங்களுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

எங்கள் வெளிநோயாளர் பிரிவில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி நான்கு மாதத்தில் ஆறு முறை வயிற்று வலி என்று வந்தாள். இரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்தோம், ஸ்கேனும் எடுத்தோம். ஒன்றும் இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கூட வந்த தாயார், "நடிக்கிறாள் டாக்டரம்மா" என்று அவள் முன்னாலேயே சொன்னார். உண்மையைச் சொன்னால், ஆறாவது முறை எங்களில் சிலருக்கும் அப்படித்தான் தோன்றியது. மருந்துச் சீட்டுக்காக அவர்கள் பெஞ்சில் காத்திருந்தபோது சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலி எந்தெந்த நாளில் வருகிறது என்று மட்டும் கேட்டார். செவ்வாயும் வியாழனும் என்றாள். அந்த இரண்டு நாட்களிலும் முதல் பீரியடில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசிக்க வேண்டுமாம்.

அவளுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க முடியாது. எட்டு ஆண்டுகளாகப் பக்கத்தில் இருப்பவள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்தே தேறி வந்திருக்கிறாள். இது கற்றல் குறைபாடு, டிஸ்லெக்ஸியா. அறிவுக் குறைவோ சோம்பேறித்தனமோ அல்ல. வலியும் நடிப்பு அல்ல. பயத்தில் குடல் இறுகும்போது வருவது மெய்யான வலி. சிஸ்டர் கேட்ட அந்த ஒரு கேள்வியை முதல் முறையே நாங்கள் கேட்டிருந்தால் அந்த ஸ்கேன் செலவு மிச்சமாகியிருக்கும். அதை நாங்கள் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் வயிற்று வலியோடு வந்து திரும்பிப் போகிறவர்கள். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் விஷம் குடித்த நிலையில் தூக்கிக்கொண்டு வரப்படும் பிள்ளைகளும் உண்டு. பலரைக் காப்பாற்றியிருக்கிறோம். ஒரு பையனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. பள்ளியில் ஆலோசகர் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. வீட்டிலும் வகுப்பிலும் சொல்ல முடியாததை வேறொரு இடத்தில் சொல்ல அவனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவ்வளவுதான். (இதை வாசிக்கும் பெற்றோருக்கு: 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 1098.)

கவுன்சலிங் என்ற சொல்லே நம் ஊரில் குழப்பம் தருகிறது. மகளுக்குக் கவுன்சலிங் தேவை என்று மேற்படி தாயாரிடம் சொன்னபோது, "அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே" என்றார். பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் கவுன்சலிங்கை நினைத்துவிட்டார்! அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வகையில் இரண்டுக்கும் உறவு உண்டு. பள்ளி ஆலோசனை என்ற துறையே தொழில் தேர்வில் வழிகாட்டுவதில்தான் பிறந்தது. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடி அலையும் இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டும் நிலையத்தைத் திறந்தார். முதலில் உன்னை நீ அறிந்துகொள், பிறகு தொழில்களை அறிந்துகொள், பின்பு இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய முறை. அதே ஆண்டில் அவர் காலமாகிவிட்டார். அவருடைய நூல் மறு ஆண்டுதான் அச்சில் வந்தது. இன்றும் பிளஸ் டூ மாணவனிடம் ஆலோசகர் அந்த மூன்று படிகளில்தான் பேசுகிறார்.

இந்தியாவில் உளவியலுக்கென்று முதல் துறை 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மிஷன் ஊழியத்தோடும் இத்துறைக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவுவதற்காக 1905-இல் பாரிஸில் ஆல்பிரட் பினே என்பவர் ஒரு சோதனையை உருவாக்கினார். அதை நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி முதலில் மாற்றி அமைத்தவர், லாகூர் போர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ். ஆண்டு 1922. பிறகு காமத் என்பவர் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக அதைத் தரப்படுத்தினார். பிரெஞ்சுக் குழந்தைக்குக் கேட்ட கேள்வியை நம் ஊர்க் குழந்தையிடம் அப்படியே கேட்டால் மதிப்பெண் குறையும்; குறை குழந்தையிடம் அல்ல, கேள்வியில். இதைப் புரிந்துகொள்ளத்தான் உளவியல் மாணவர்கள் புள்ளியியல் படிக்கிறார்கள். எங்கள் ஊழியரின் மகள் பி.எஸ்ஸி.யில் மிகவும் கஷ்டப்பட்டது அந்தத் தாளில்தானாம்.

பி.எஸ்ஸி. மூன்று ஆண்டு. மூளையும் நரம்பும் வேலை செய்யும் விதம், நினைவு, கற்றல், குழந்தை வளர்ச்சி, மனநோய்களின் அறிகுறிகள் ஆகியவை முக்கியப் பாடங்கள். வேதியியல் மாணவர்களைப் போல இவர்களுக்கும் பிராக்டிகலும் ரெக்கார்டு நோட்டும் உண்டு. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போட வேண்டும் என்பது அதில் ஒரு பரிசோதனை. கை சொன்னபடி கேட்காது. பத்து முறை செய்து பார்த்தபிறகே ஓரளவு படியும். எழுதத் தடுமாறும் பிள்ளையின் நிலை அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது என்று அவள் சொன்னாள்.

எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டு. இங்கேதான் "பேசுவதற்கு வாத்தியார் போதாதா" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் பருவத்தில் கற்றுக்கொடுப்பது பேச அல்ல, பேசாமல் இருக்க. நாம் அனைவரும் புத்தி சொல்லி வளர்ந்தவர்கள், பிள்ளை வாயைத் திறந்ததும், "இதற்கெல்லாமா அழுவது, உன் வயதில் நாங்கள்..." என்று தொடங்கிவிடுவோம். யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல ஆலோசகர்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை.

இந்தப் பயிற்சிக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்ல் ராஜர்ஸ். போதகராகும் எண்ணத்தோடு நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுக்குப் பின் உளவியலுக்கு மாறியவர். ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் தொல்லைக்குள்ளான குழந்தைகளோடு பணியாற்றினார். எதிரில் இருப்பவரை நிபந்தனை இன்றி ஏற்றுக்கொள்வது, அவர் நிலையில் நின்று உணர்வது, தான் போலியாக இல்லாமல் இருப்பது: இம்மூன்றும் ஆலோசகரிடம் இருந்தால் மாற்றம் தானே வரும் என்று 1957-இல் எழுதினார். இந்த மூன்று மட்டுமே போதும் என்பதை இன்று எல்லா நிபுணர்களும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் இவை இல்லாமல் எதுவும் நடக்காது என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு.

இதை மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆலோசகராகவும் மாணவராகவும் அமர்ந்து பழகுகிறார்கள். பின்பு உரியவர்களின் அனுமதியோடு பதிவு செய்த உரையாடலை வரி வரியாக எழுதிக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். "இந்த இடத்தில் ஏன் கேள்வி கேட்டாய்? அந்தப் பிள்ளை அழுது முடிக்க ஏன் விடவில்லை?" என்று அவர் கேட்பார். நர்சிங் மாணவி ஊசி போடும்போது ட்யூட்டர் பக்கத்தில் நிற்பது போலத்தான் இதுவும்.

அவர்கள் படிப்பதில் மிகக் கடினமானது இரகசியம் காப்பது பற்றிய பாடம் என்று நாங்கள் நினைக்கிறோம். பிள்ளை சொன்னதைத் தலைமையாசிரியரிடமோ பெற்றோரிடமோ போய்ச் சொல்லிவிட்டால் அடுத்த நாள் எந்தப் பிள்ளையும் அந்த அறைப் பக்கம் வராது. ஆனால் சொல்லாமல் இருக்கக்கூடாத விஷயங்களும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வீட்டாருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. குற்றம் செய்தவர் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்தாலும், சொந்த மாமாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். ஆகவே "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பயிற்சி பெற்ற ஆலோசகர் வாக்குக் கொடுப்பதில்லை. எதை வைத்துக்கொள்வேன், எதைச் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிறார். நல்ல மனசு மட்டும் உள்ள நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்?

பள்ளி ஆலோசகர் மருந்து எழுதுபவர் அல்ல. அது மனநல மருத்துவரின் வேலை. மருத்துவமனையில் மனநோய்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் செய்யும் மருத்துவ உளவியலாளர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆலோசகர்களை 2021-இல் வந்த சட்டம் மருத்துவம் சார்ந்த துறையினரின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டத்தை ஒட்டி, தபால் வழியிலும் இணைய வழியிலும் உளவியல் பட்டம் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் உத்தரவிட்டது. "வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாமே, செலவு குறையுமே" என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் வழிகாட்டலிலும் ஆலோசனையிலும் ஒரு டிப்ளமோ நடத்திவருகிறது. மைசூரில் உள்ள அதன் மண்டலக் கல்லூரியும் அதற்கு ஒரு மையம். உங்கள் சபைப் பள்ளிகளில் ஆர்வமுள்ள ஆசிரியர் எவரேனும் இருந்தால் விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்டிருந்தீர்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இலேயே பாகாயத்தில் தொடங்கியது. மிஷனரி மருத்துவரான பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார், நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கும்படி அதை அமைத்தார். எங்களுடையது அவ்வளவு பெரிய காரியம் அல்ல. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூக ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் எங்களிடம் வந்தார். "நான் எங்கே போய் ஆளைத் தேடுவேன்? உங்களிடம் யாராவது இருக்கிறார்களா?" என்றார். அன்றைக்கு எங்களிடம் யாரும் இல்லை.

இந்தக் கல்வியாண்டில் எங்கள் ஊழியரின் மகள் படிப்பைத் தொடங்குகிறாள். கல்லூரிக் கட்டணத்தில் பாதியை அவள் தகப்பனார் கடன் வாங்கியாவது கட்டிவிடுவதாகச் சொல்கிறார். கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். மீதியைத்தான் உங்களிடம் கேட்டோம். இரண்டாம் ஆண்டுக் களப்பயிற்சியை எங்கள் குழந்தைகள் பிரிவிலும் அந்தத் தலைமையாசிரியரின் பள்ளியிலும் செய்வாள். தேசப்படங்கள் வைத்திருந்த பழைய அறையைத் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தோம். வெளிச்சம் இருக்கிறது, இரண்டு நாற்காலி போடலாம். கதவுதான் மூடவில்லை. எங்கள் தச்சரை அனுப்பி அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.