மகிழுந்தில் மின்பம்பு: நெய்வேலியை முன்வைத்து ஒரு விளக்கம்

நெய்வேலி மண்ணுக்கு அடியில் இருவகைச் செல்வங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே இருப்பது பழுப்பு நிலக்கரி. அதன்கீழ் அடைபட்டுக் கிடப்பது நிலத்தடி நீர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது என்பதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். 1956ஆம் ஆண்டு நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே திங்களில் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரமும் பிறந்தது.

எனினும் அக்கரியை எடுப்பது எளிதாக இல்லை. கீழுள்ள நீர் சதுரச் சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையான அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்நீரை முன்கூட்டியே இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில், அது நிலக்கரிப் படுகையைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆதலால் அங்கே மின்பம்புகள் இரவுபகல் ஓயாமல் இயங்க வேண்டியுள்ளது. பம்பு இயங்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்திற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குப் பம்பு வேண்டும். மூன்றில் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் நில்லாமல் இரா.

மகிழுந்தைப் பற்றி எழுதப் புகுந்த யாம் சுரங்கத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அச்சுரங்கத்தில் நிலத்தடிநீரைக் கட்டுப்படுத்தும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எமக்கு நெருக்கமானவர். அவரிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று உள்ளது. நாள்தோறும் பேத்தியைப் பள்ளியில் கொண்டுவிடுவதும், வாரம் இருமுறை தம் மனைவியாரைச் சிகிச்சைக்காகக் கடலூருக்கு அழைத்துச் செல்வதும் அக்காரில்தான். சென்ற கோடையில் ஒருநாள் இரயில்வே கேட்டில் காத்து நின்றபோது ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. மனைவியாரை நட்ட நடுப்பகலில் பேருந்தில் ஏற்றி அனுப்பவேண்டியதாயிற்று. அதன்பின் ஒருநாள், “தம்பி, எங்கள் சுரங்கத்துப் பம்பெல்லாம் மின்சாரத்தில்தானே ஓடுகிறது, என் காரின் பம்பையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு யாம் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

(அறிவியல் தமிழில் இதனை ‘எக்கி’ என்பர்; பணிமனையில் ‘வாட்டர் பம்ப்’. இரண்டிற்கும் இடைப்பட்டதாகப் ‘பம்பு’ என்றே யாம் எழுதுகிறோம். சொல்லாக்க அறிஞர்கள் பொறுத்தருள்க.)

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சிய பங்கு பொறியின் உலோகத்தைச் சூடாக்குகிறது. இச்சூட்டை நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. பொறி 10 கிலோவாட் வெப்பத்தை நீருக்குத் தருவதாகவும், பொறிக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் 5 பாகை வேறுபாடு இருப்பதாகவும் கொண்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 29 லிட்டர் நீர் சுற்றிவர வேண்டும். பம்பே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார்களில் தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர ஏனையவை, சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கையை நம்பியே ஓடின. ஆற்றல் மிகுந்த பொறிகள் வந்தபின் அவ்வியற்கை போதவில்லை.

அம்பாசடரில் பொறியின் முன்புறம் ஒரு பெல்ட் ஓடுகிறது. பம்பையும், அதன் தலையில் பொருத்தப்பட்ட விசிறியையும், மின்னாக்கியையும் அவ்வொரு பெல்ட்டே சுழற்றுகிறது. பொறி விரைந்தால் பம்பும் விரையும். பொறி மெல்லச் சுழன்றால் பம்பும் மெல்லச் சுழலும். குறை இங்கேதான் உள்ளது. பம்புக்கு வேண்டிய வேகத்தைப் பொறியின் சூடு முடிவு செய்யவில்லை, சுழற்சி முடிவு செய்கிறது. கேட்டில் நிற்கும் வண்டியின் பொறி நிமிடத்திற்கு 800 முறை சுழலும். நெடுஞ்சாலையில் 4000 முறை. இவ்வகைப் பம்பில் நீரோட்டம் சுழற்சியின் விகிதத்தில் கூடும். ஆனால் அது விழுங்கும் ஆற்றலோ சுழற்சியின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். ஆகவே 800இலிருந்து 4000க்குப் போனால் நீர் 5 மடங்கு, ஆற்றல் செலவு 125 மடங்கு!

இந்த 125 மடங்கைக் காட்டித்தான் மின்பம்பு விற்போர் எரிபொருள் மிச்சம் என்கின்றனர். அவர்கள் சொல்வது பொய்யன்று, முழு உண்மையுமன்று. 5000 சுழற்சியில் பெல்ட் பம்பு 1500 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். நாம் அன்றாடம் ஓட்டும் 2000 சுழற்சியில் அதே பம்பு கொள்வது 96 வாட்டே. மின்பம்போ 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுத்தால் அதுவும் 96 வாட். அம்மின்சாரம் வானிலிருந்து வருவதன்று. மின்னாக்கி அதனைப் பொறியிடமிருந்தே பெறுகிறது. மின்னாக்கி பெறும் ஆற்றலில் அறுபது விழுக்காடே மின்சாரமாகும் எனக் கொண்டால், பொறிக்கு நேரும் சுமை 160 வாட். ஆகவே வட்டத்துக்கு வட்டம் சென்றுவரும் நகரியப் பயணத்தில், எந்நேரமும் முழுவேகத்தில் ஓடும் மின்பம்பு மிச்சத்தைத் தாராது, செலவையே கூட்டும். பந்தயக் கார்களின் கணக்கை அன்றாடக் காருக்குப் போடுவது பிழை.

மிச்சம் வருவது பம்பைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி இருந்தால் மட்டுமே. நீர் குளிர்ந்திருக்கும்போது பம்பை நிறுத்தியோ மெல்ல ஓட்டியோ, சூடேறும்போது விரைவுபடுத்தியும், வண்டியை அணைத்த பின்னும் சிறிது நேரம் ஓட்டியும் அக்கருவி ஆளுகிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆறு உருளைப் பொறியிலும், டொயோட்டா 2009இல் கொணர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரிலும் மின்பம்பு இவ்வாறே அமைந்தது. பிரியஸ் பொறியில் பெல்ட்டே கிடையாது. பழைய கார்களில் பொருத்துவதற்கென ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் நிறுவனம் நிமிடத்திற்கு 80, 115, 150 லிட்டர் அளவுகளில் தனிப் பம்புகளைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் விற்கிறது.

இனி, எம்மைத் தயங்க வைத்த செய்திக்கு வருகிறோம். அம்பாசடரில் பெல்ட் அறுந்தால் பம்பு நிற்கும். அக்கணமே மின்னாக்கியும் நிற்பதால் ஓட்டுநர் முன்னுள்ள சிவப்பு விளக்கு எரியும். பாட்டரிக்காக வைத்த அவ்விளக்கு, யாரும் எண்ணாமலேயே பம்புக்கும் காவலாக நிற்கிறது. மின்பம்பு பொருத்தினால் அக்காவல் போய்விடும். ஒரு ஃபியூஸ் எரிந்தாலோ, ஒரு கம்பி தளர்ந்தாலோ பம்பு ஓசையின்றி நிற்கும். சிவப்பு விளக்கு எரியாது. பொறியோ முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமானியை நம்பலாம் எனின், நீர் ஓடாத இடத்தில் அதன் முள் காலந்தாழ்த்தியே ஏறும். நீர் வற்றி ஆவி சூழ்ந்துவிட்டால் குறைத்தே காட்டவும் கூடும். ஓட்டுநர் அறிவதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, பொறியைப் பிரிக்கும் செலவு வந்து நிற்கும்.

இதனைக் கேட்ட பெரியவர் சிரித்தார். “அங்கே ஒரு பம்பு நின்றால் எங்களுக்குச் சொல்ல அளவுகருவியும் ஆளும் உண்டு. இங்கே நான் ஒருவன்தானே!” என்றார். எம் பத்திகள் பலவற்றிலும் அவ்வொரு வாக்கு தெளிவாக இருந்தது.

பொருத்தியே தீரவேண்டும் என்பார்க்குச் சில குறிப்புகள். பம்பை ரேடியேட்டரின் கீழ்க்குழாயருகே தாழ்வாக வைத்தல் வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அது நீரைத் தள்ளாது. அதற்கெனத் தனி ரிலேயும் ஃபியூஸும் பருமனான கம்பியும் வேண்டும். வெப்பம் மிகுந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைப் பம்பின் மின்சுற்றோடு சேர்க்காமல் வேறாக அமைத்தல் வேண்டும். அதன் உணரியை சிலிண்டர் ஹெட்டின் உலோகத்திலேயே பதித்தல் நலம். அம்பாசடரில் விசிறி பழைய பம்பின் தலையிலேயே இருப்பதால், உள்ளிருக்கும் சுழலியை மட்டும் நீக்கி அச்சையும் தாங்கியையும் விட்டுவைக்க வேண்டும்; அன்றேல் விசிறியையும் மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் பெரியவரின் காருக்கு நேர்ந்த குறை பம்பில் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. நிற்கும் வண்டியில் விசிறியும் மெல்லச் சுழல, எஞ்சிய குழாய்கள் சூட்டைத் தாங்கவில்லை. குழாய்களைத் தூய்மை செய்து, காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ட் கலந்து ஊற்றி, முன்புறம் ஒரு மின்விசிறியை மட்டும் கூடுதலாகப் பொருத்தினார்கள். பம்பு பெல்ட்டிலேயே ஓடுகிறது. ஹெட்டில் உணரியும் இருக்கைக்கு முன்னே ஒலிமணியும் வைத்துக்கொண்டார். இந்தச் சித்திரை வெயிலில் அதே கேட்டில் கால்மணி நேரம் நின்றபோதும் மணி ஒலிக்கவில்லை. உரிய நேரத்திற்குக் கடலூர் போய்ச் சேர்ந்தார்கள்.