கடல் கடந்த பெயர்களும் எழுத்தரின் காதும்

டர்பனில் வாழும் மூட்லி குடும்பத்தார் பூர்விகம் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்தால், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் பதில். கோவெண்டர் குடும்பத்தாருக்கும் அதே பதில்தான். முதலியார் மூட்லி ஆனது, கவுண்டர் கோவெண்டர் ஆனது என்பது தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடையே பரவலாக வழங்கும் விளக்கம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனவர்கள் 1,52,184 பேர்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று வேர் தேடும்போது, குடும்பப்பெயரின் ஸ்பெல்லிங்கையே முதல் பிடிமானமாகக் கொள்கிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் எந்த மொழிக்குப் பழகியவர் என்பதை ஸ்பெல்லிங் நன்றாகவே காட்டும். யாருக்கு யார் உறவு என்பதைக் காட்டும் சான்றோ அவர் எழுதிய பதிவேட்டின் மற்றக் கட்டங்களில் இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப்பெயர் தமிழர்களிடம் பெரும்பாலும் இருந்ததில்லை. முத்துவின் மகன் ராமசாமி, ராமசாமியின் மகன் வேலாயுதம் என்று தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். காலனி அலுவலகத்துக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. நேட்டாலில் சிலருக்கு முதலியார், கவுண்டர் போன்ற பட்டப்பெயர் நிலைத்தது. சிலருக்குத் தகப்பன் பெயரோ தாத்தா பெயரோ நிலைத்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரீயூனியன், குவாதலூப் தீவுகளில் கப்பலில் வந்து இறங்கியவரின் சொந்தப் பெயரே பெரும்பாலும் வாரிசுகளின் குடும்பப்பெயர் ஆகிவிட்டது. இதன் விளைவு பெரிது. ராமசாமியும் சின்னசாமியும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளாக இருந்தாலும், அவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு வேறு குடும்பப்பெயர்களைச் சுமப்பார்கள். வேலூர்ப் பக்கத்து ராமசாமிக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து ராமசாமிக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லாவிட்டாலும், அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே குடும்பப்பெயரில் இருப்பார்கள். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவென்றும், வேறாக இருப்பதை வைத்து உறவில்லை என்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் எழுத்து வேற்றுமையால் பயனே இல்லையா? உண்டு. முத்து என்ற பெயரின் உகரத்தை ஆங்கிலேய எழுத்தர் பெரும்பாலும் இரண்டு ஓ போட்டு எழுதினார். பிரெஞ்சு எழுத்தர் ஓ, யூ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்து எழுதினார். பிரெஞ்சில் இரு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அது இஸட் ஒலியாகிவிடும். அதனால்தான் அந்தத் தீவுகளின் ராமசாமிக்கு இரட்டை எஸ். குவாதலூப்பில் இந்தியர்களின் குடியுரிமைக்காக வழக்காடிய ஆன்ரி சிதம்பரத்தின் குடும்பப்பெயர் அங்கே எஸ் எழுத்தில் தொடங்குகிறது. சென்னை மாகாண ஆவணங்களில் அதே பெயர் சி, ஹெச் என்று தொடங்கும். சகரத்தை நம் மக்கள் பேச்சில் எப்படி ஒலிக்கிறார்களோ, அதற்கு நெருக்கமாக எழுதியவர் பிரெஞ்சு எழுத்தரே. ஒரு ஸ்பெல்லிங்கைக் கொண்டு, பெயர் முதலில் பதிவானது ஆங்கிலேயர் ஆண்ட இடத்திலா, பிரெஞ்சுக்காரர் ஆண்ட இடத்திலா என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தேடலுக்கு அது நல்ல தொடக்கம்.

எழுத்தர்கள் வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கும்போது அந்தப் பதிவேடுகளை எப்படி நம்புவது என்று சிலர் கேட்கிறார்கள். பிழைகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதே இதற்குப் பதில். உயிரெழுத்துகள்தான் அதிகம் மாறுகின்றன. மெய்யெழுத்துகளின் வரிசை பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1918-இல் ராபர்ட் ரஸல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த, பெயர்களை ஒலிவழி தேடும் சவுண்டெக்ஸ் முறை இந்த உண்மையின் மேல் எழுந்ததுதான்: முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிர்களைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் மெய்களை மூன்று எண்களாக்குவது. கோவெண்டர் என்ற பெயரை இம்முறையில் இட்டால் ஜி 153 கிடைக்கிறது. கவுண்டரை உள்ளபடியே ஒலித்து, கே எழுத்தில் தொடங்கி, நடுவில் வி போட்டு எழுதினால் கே 153 வருகிறது. எண்கள் மூன்றும் ஒன்றே. முதல் எழுத்து மட்டும் மாறுகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம்தான். ஆகவே நம் பெயர்களைத் தேடுகிறவர்கள் இந்த முறையை அப்படியே பயன்படுத்தாமல், கே-ஜி (K-G), டி-டிஹெச் (D-Th), பி இரண்டும் (P-B), எஸ்-சிஹெச் (S-Ch) என்று முதல் எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

பட்டப்பெயர் நிலைத்திருக்கிறதே, அது சாதியையும் வம்சத்தையும் காட்டிவிடாதா என்பது அடுத்த கேள்வி. இதை நம்புவது ஆபத்து. பிள்ளை என்ற பட்டத்தைப் பல சமூகத்தார் போட்டுக்கொண்டார்கள்; நாயுடுவும் அப்படியே. கப்பல் ஏறிய பின் புதுப் பட்டம் சூடிக்கொண்டவர்கள் உண்டென்பதையும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறந்த ஊரில் தலைநிமிர முடியாத ஒருவர் புது மண்ணில் தனக்கு ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார் என்றால், அது அவர் வாழ்வின் துணிச்சலான முடிவு. அதைப் பொய் என்று ஒதுக்காமல், குடும்ப வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே படிக்க வேண்டும்.

உறவை உறுதிசெய்யும் சான்று எங்கே என்றால், கப்பல் பட்டியலில். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நேட்டாலில் அந்தக் காலனி எண் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் தொடர்ந்து வந்தது. பெயர் பத்து விதமாக மாறினாலும் எண் மாறுவதில்லை. எனவே வீட்டில் இருக்கும் பழைய சான்றிதழில் தொடங்கி, எண்ணைக் கண்டு, எண் வழியே கப்பலுக்கும், கப்பல் வழியே கிராமத்துக்கும் வருவதுதான் சரியான வரிசை. மொரீஷியஸ் வழியினருக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகம் இதே உதவியைச் செய்கிறது. கடைசிப் படியில் தமிழ்நாட்டில் இருப்பவர்களின் துணை வேண்டும். கிராமப் பெயரும் சிதைந்துதான் எழுதப்பட்டிருக்கும். ஜில்லாவையும் தாணாவையும் சேர்த்து வைத்து, இது எந்த ஊராக இருக்கும் என்று உரக்கச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்களே. தேடி வருகிறவரிடம் நீங்கள் எந்த மூட்லி என்று கேட்பதை விட்டுவிட்டு, எண் என்ன, தாணா எது என்று கேட்கப் பழகுவோம். அவர்கள் தங்கள் பெயரை முதலியார் என்று திருத்திக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மூட்லி என்பது நூறாண்டுக்கு மேல் அந்தக் குடும்பம் உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோயில் கட்டி வாழ்ந்த பெயர். அது அவர்களுக்கு உரியது. அதற்கு முந்தைய வரலாற்றைத் தேடிக் கொடுப்பது நம் கடமை.