விளையாட்டு விழாவும் வானிலையும்

காலநிலை வேறு, வானிலை வேறு. பல்லாண்டு அவதானித்துப் பெற்ற பொதுநிலை காலநிலை. இன்று பிற்பகல் நம் தலைக்கு மேல் நிகழ்வது வானிலை. திறந்தவெளியில் விழா எடுப்போர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பெரிதும் இடர்ப்படுகின்றனர். நாள் குறிக்க உதவுவது காலநிலை. குறித்த நாளில் விழாவை நடத்துவதா, நிறுத்துவதா என்பதை உணர்த்துவது வானிலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. வங்காள விரிகுடாவில் எழும் சூறாவளிகள் நம் கரையை நாடுவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயாம். 1964 டிசம்பர்ச் சூறாவளியும் 2008 நவம்பரில் வந்த நிஷாவும் எளிதில் மறக்கற்பாலன அல்ல. சோளகம் வீசுங் காலத்திலோ, அக்காற்றைத் தடுத்து மேலெழுப்ப இங்கு மலை இன்மையால் மழை அரிது. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவம் அவ்வறண்ட காலத்தில் அமைந்திருத்தல் அடியார் செய்த பாக்கியம் எனலாம்.

பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தை பிறந்தபின் முதலாந் தவணையில் நடைபெறுவது வழக்கம். மழை ஓய்ந்து நிலம் உலரும் அக்காலம் தக்கதே. ஆனால், போட்டிகள் பங்குனிக்குத் தள்ளிப்போகும்போது இரு இடர்கள் நேர்கின்றன. முதலாவது வெப்பம். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஞாயிறு குடாநாட்டிற்கு நேர் உச்சியில் நிற்கும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெப்பம் மிகுந்தபோது, மாணவரை வெயிலில் விளையாட விடுதல் பற்றிக் கல்வி அமைச்சே அறிவுறுத்தல் விடுக்க நேர்ந்தது. நெடுந்தூர ஓட்டத்தை விடியற்காலையில் முடித்துவிடுதலே அறிவுடைமை.

மற்றையது இடி. பங்குனி, சித்திரையில் முற்பகல் வெயிலாற் சூடேறிய வளி மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் மேற்காவுகை மழையாகப் பெய்யும். அதனோடு வரும் மின்னலே அஞ்சத்தக்கது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி செல்லும். மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்குமாயின், அது பத்துக் கிலோமீற்றருக்குள் நிகழ்ந்ததாகும். அடுத்தது மைதானத்திலேயே விழலாம். உடனே போட்டியை நிறுத்தி, இறுதி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மாணவரை வெளியே விடலாகாது. மழை தொடங்கட்டும் பார்ப்போம் என்பது பேதைமை. மழைக்கு முன்னரும் மின்னல் விழும்.

இவ்விதி கடினமானதன்று, இதனைச் செயற்படுத்துவார் யார் என்பதே வினா. பிரதம விருந்தினர் வீற்றிருக்க, பரிசுக் கேடயங்கள் மேசையில் இருக்க, அஞ்சலோட்டம் ஒன்றே எஞ்சியிருக்கும் வேளையில் "நிறுத்துக" எனச் சொல்ல எவர்க்கும் வாய் எழாது. விருந்தினர் அருகே அமர்ந்திருக்கும் அதிபரிடம் அப்பொறுப்பை விடுதல் முறையன்று. வானத்தை நோக்குதலன்றி அன்று வேறு கடமை இல்லாத ஆசிரியர் ஒருவரை முன்னரே நியமித்து, அவர் சொல்லே முடிவென விழாக்குழு எழுத்தில் ஏற்றல் வேண்டும்.

மரநிழலும் இல்லக் கொட்டகையும் மின்னலுக்கு அடைக்கலமாகா. வகுப்பறைக் கட்டடங்களே ஏற்றவை. அவற்றை விழா நாளிற் பூட்டிவைக்கும் பாடசாலைகள் பல. திறப்பு யாரிடம் உள்ளது என்பதையும் அவ்வாசிரியர் காலையிலேயே அறிந்திருத்தல் வேண்டும்.